சொந்தக் காசில் ஊர் சுற்ற: இளைஞர்களுக்கு 28 குறிப்புகள்

டூர் ஏஜென்டிடம் பணத்தைக் கட்டிவிட்டு அவர் காட்டும் இடங்களைப் பார்த்து வருவது ஒரு வகை. நாமே வழி விசாரித்து, நாமே டிக்கெட் போட்டு, கையிலிருக்கும் காசுக்குள் போய் வருவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். எந்தத் தேதியில் கிளம்புவது, ராத்திரி எங்கே தலை சாய்ப்பது என்ற இரண்டையும் சரியாக முடிவு செய்தால் போதும், மற்றச் செலவுகள் தாமாகவே கட்டுக்குள் நிற்கும். சென்னையிலிருந்து கர்நாடகத்தின் ஹம்பி, பாதாமி வரை போய்வரும் ஐந்து ராத்திரிப் பயணத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு இந்தக் குறிப்புகளைத் தருகிறோம். வேறு ஊருக்குப் போவதானாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

திட்டம் போடும்போது

1. ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஐந்து நாளில் இரண்டு ஊர் போதும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ஆட்டோ, வெளிச்சாப்பாடு, அரை நாள் என்று மூன்றும் போகும். ஹம்பி, பாதாமியோடு கோவாவையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாராவது கிளப்பினால், அடுத்த லீவுக்கு எழுதி வையுங்கள்.

2. சீசன் பாருங்கள், ஆனால் சீசனின் உச்சத்தில் போகாதீர்கள். ஹம்பி முழுக்கப் பாறை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இதமாக இருக்கும். அதற்குள்ளும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம், ஹம்பி உற்சவ நாட்கள், நீண்ட வார இறுதிகள் ஆகியவற்றைத் தவிர்த்தால் அறை வாடகை கணிசமாக இறங்கும். திங்கள் முதல் வியாழன் வரை தங்குவதுபோல் அமைத்துக்கொள்வது நல்லது.

3. வார விடுமுறையை முன்கூட்டியே பாருங்கள். தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். அஜந்தாவுக்குத் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஹம்பிக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. அத்தனை தூரம் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வரக் கூடாது.

4. மூன்று பேர் என்பது சிக்கனமான எண்ணிக்கை. ஒரே ஆட்டோ, எக்ஸ்ட்ரா பெட் போட்ட ஒரே அறை, ஒரு தட்டில் பகிர்ந்து சாப்பிட ஆள். நான்காவது ஆள் சேர்ந்தால் பல இடங்களில் ஆட்டோவும் அறையும் இரண்டிரண்டாகும். போனால் ஆறு பேராகப் போங்கள்.

5. கிளம்பும் முன் பணத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஒருவருக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது, இன்னொருவருக்கு ஆயிரம் ரூபாய் பெரிய பணம் என்றால், பயணம் முடிவதற்குள் நட்பில் விரிசல் விழும். அறைக்கு உச்சவரம்பு, சாப்பாட்டுக்கு உச்சவரம்பு இரண்டையும் வாட்ஸ்அப் குழுவில் எழுதி, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே டிக்கெட் போடுங்கள்.

6. ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். ஆளுக்கு ரூ.6,000 என்று வைத்துக்கொண்டால்: ரயில், பஸ் 1,500, மூன்று ராத்திரி தங்கல் 1,800, சாப்பாடு 1,500, நுழைவுச்சீட்டும் உள்ளூர்ச் சுற்றலும் 600, கை வைக்காத பணம் 600. கடைசிக் கட்டம்தான் முக்கியம். பஸ் தவறினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் அதை எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் மிஞ்சியதை இன்னொன்றில் போடலாம், இதைத் தொடக் கூடாது.

7. போகும் முன் கொஞ்சம் படியுங்கள், கைடு செலவு மிச்சமாகும். பாதாமிதான் பழைய வாதாபி. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. 642-இல் நரசிம்மவர்ம பல்லவன் அந்த ஊரைப் பிடித்தான். நூறு வருடம் கழித்து, காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பாதாமிக்குப் பக்கத்துப் பட்டதக்கல்லில் விருபாட்சர் கோயிலை எழுப்பினாள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சி கைலாசநாதர் கோயிலைப் பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டும் உறவு என்பது கண்ணுக்கே தெரியும்.

டிக்கெட் எடுக்கும்போது

8. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 60 ஆகிவிட்டது. பயணத் தேதியைச் சேர்க்காமல் எண்ணி, காலை 8 மணிக்குத் தயாராக இருங்கள். திரும்பும் டிக்கெட் சில நாள் கழித்துத்தான் திறக்கும் என்பதால் இரண்டு தேதிகளுக்கும் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

9. ராத்திரியில் பயணம் செய்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். சென்னையிலிருந்து பகல் ரயிலில் பெங்களூரு. அங்கிருந்து இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டே. ஹம்பியில் இரண்டு ராத்திரி. பிறகு கதக் வழியாக பாதாமி, அங்கே ஒரு ராத்திரி. திரும்புகையில் பாதாமியிலிருந்து பெங்களூருக்கு மறுபடியும் இரவு ரயில். ஐந்து ராத்திரியில் இரண்டு ரயிலிலேயே கழிந்துவிடும். ஆனால் மூன்று ராத்திரி தொடர்ந்து ரயிலில் தூங்குவதுபோல் திட்டம் போடாதீர்கள், உடம்பு தாங்காது.

10. வெயிட்டிங் லிஸ்டிலும் ரகம் உண்டு. ஜிஎன்டபிள்யூஎல் என்று இருந்தால் உறுதியாக ஓரளவு வாய்ப்புண்டு. ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் என்றால் வாய்ப்பு குறைவு. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங்கில் இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏற முடியாது. ஆர்ஏசி என்றால் தாராளமாக ஏறலாம், உட்கார இடம் நிச்சயம்.

11. தட்காலை நம்பித் திட்டம் போடாதீர்கள். பயணத்துக்கு முந்தின நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்காலுக்கு ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அதை இன்றே செய்து வைத்துவிடுங்கள். உறுதியான தட்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

12. தனியாகவோ தோழிகளோடோ போகும் பெண்கள் ‘லேடீஸ் கோட்டா’வைப் பாருங்கள். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு படுக்கைகள் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கும். வயது வரம்பு கிடையாது. பொது ஒதுக்கீடு வெயிட்டிங் காட்டும்போதும் இதில் இடம் கிடைப்பதுண்டு. குழுவில் ஓர் ஆண் இருந்தாலும் இது செல்லாது.

13. 45 பைசா இன்ஷூரன்ஸைத் தவிர்க்காதீர்கள். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு டிக் செய்தால் போதும். அதன்பின் மெயிலுக்கு வரும் லிங்கில் நாமினி பெயரை நிரப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

14. நீண்ட சுற்றுக்குச் சுற்றுப்பயண டிக்கெட் உண்டு. ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் குறையும். அதனால் துண்டு துண்டாக எடுப்பதைவிட ஒரே டிக்கெட்டாக எடுப்பது மலிவு. கிளம்பிய நிலையத்துக்கே திரும்புவதுபோல் வழியைக் கொடுத்தால், எட்டு இடங்கள் வரை இறங்கி ஏற ஒரே டிக்கெட் தருவார்கள். சாதாரண கவுன்டரில் நேரடியாகக் கிடைக்காது. பெரிய நிலையத்திலோ கோட்ட வணிகப் பிரிவு அலுவலகத்திலோ வழித்தடத்தை எழுதிக்கொடுத்துக் கேட்க வேண்டும்.

தங்குவதற்கு

15. அறைக்குப் பதில் படுக்கை. ஹாஸ்டல்களில் ஒரு படுக்கைக்கு மட்டும் காசு கொடுத்துத் தங்கலாம். தனியாகப் போகிறவர்களுக்கு இதுதான் லாபம், பேச்சுத் துணையும் கிடைக்கும். பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரி இருக்கிறதா, பையை வைத்துப் பூட்ட லாக்கர் உண்டா என்று கேளுங்கள். ஆண்டுக்குப் பல பயணம் போகிறவர்கள் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவில் உறுப்பினராகலாம். அவர்கள் நடத்தும் மலையேற்ற முகாம்களிலும் கட்டணம் கட்டுப்படியாகும்.

16. ரயில் நிலையத்து ஓய்வறையை மறக்காதீர்கள். உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். அதிகாலையில் இறங்கிக் குளித்துக் கிளம்ப, நள்ளிரவு ரயிலுக்குக் காத்திருக்க, இதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த விலைக்குக் கிடைப்பது அரிது. கிளோக் ரூமில் பையை மட்டும் வைப்பதானால் பூட்டு போட்டிருக்க வேண்டும், டிக்கெட்டும் காட்ட வேண்டும்.

17. சத்திரங்களும் குருத்வாராக்களும். வடக்கே போகிறவர்களுக்குக் காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அனுமான் காட் பக்கம் தமிழ் பேசினாலே வழி கிடைக்கும். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் இரவு பகலாகச் சாப்பாடு போடுகிறார்கள், தங்கவும் இடமுண்டு. தலையை மூடிக்கொள்ள ஒரு கைக்குட்டை போதும். இங்கெல்லாம் ஹோட்டல் மாதிரி எதிர்பார்க்கக் கூடாது. முடிந்ததை உண்டியலில் போடுங்கள், முடிந்தால் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

18. லாட்ஜுக்குப் போன் செய்து ஐந்து கேள்வி கேளுங்கள். செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணியா? காலை 8 மணிக்கு வந்தால் அறை தருவார்களா? வெந்நீர் எத்தனை மணிவரை? மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு? வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா? ஹம்பியில் விருபாட்சர் கோயிலை ஒட்டிய ஜனதா பிளாட் பகுதியில் வீடுகளையே விருந்தினர் அறைகளாக விட்டிருக்கிறார்கள். ஆன்லைன் விலையைப் பார்த்துவிட்டு நேரில் கேட்டால் வார நாட்களில் குறைப்பார்கள். ஆனால் முதல் ராத்திரிக்கு மட்டும் முன்பதிவோடு போங்கள்.

மூட்டை கட்டும்போது

19. தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடிகிற பைதான் சரியான பை. ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். மூன்று சட்டை, இரண்டு பேன்ட், எல்லாவற்றையும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். நனைந்தால் சீக்கிரம் காயாத ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் கூடாது. ஒரு லுங்கி அல்லது பழைய காட்டன் புடவைத் துண்டு இருக்கட்டும். ரயிலில் போர்வை, லாட்ஜில் படுக்கை விரிப்பு, வெயிலில் முக்காடு, பெர்த்தில் திரை என்று நான்கு வேலைக்கு ஆகும். மூன்று மீட்டர் நைலான் கயிறு, பத்து சேஃப்டி பின், துவைக்கும் சோப்புத் துண்டு, ஷாம்பு சாஷே, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கனத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, செருப்பைப் பையில் வையுங்கள்.

20. சங்கிலிப் பூட்டு ஒன்று. கீழ் பெர்த்துக்கு அடியில் இரும்பு வளையம் இருக்கும். பையின் கைப்பிடி வழியாகச் சங்கிலியை விட்டு அந்த வளையத்தில் பூட்டி, சாவியைக் கழுத்திலோ உள்பாக்கெட்டிலோ வையுங்கள். போன், பணம், அடையாள அட்டை மூன்றும் சின்னப் பையில் தலைமாட்டில். இரவில் ரயிலில் சார்ஜ் மின்சாரத்தை நிறுத்திவிடுவதுண்டு. அதனால் படுக்கும் முன்பே போனை நிரப்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு

21. முதல் நாள் சாப்பாடு வீட்டிலிருந்து. இட்லியை நன்றாக ஆறவிட்டு, இருபுறமும் நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, வாழையிலையில் சுற்றினால் மறுநாள் காலைவரை கெடாது, காயவும் செய்யாது. சூட்டோடு அடைத்தால் வியர்த்துப் போய்விடும். தயிர் சாதத்துக்குச் சாதத்தைக் குழையவிட்டு, பாலூற்றிப் பிசைந்து, ஆறியதும் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் உறைந்திருக்கும். புளியோதரையில் வெங்காயம், தேங்காய் வேண்டாம். இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும்.

22. ரயிலில் விலை தெரிந்து வாங்குங்கள். ரயில் நீர் ஒரு லிட்டர் ரூ.14 (2025 செப்டம்பரில் ஒரு ரூபாய் குறைத்தார்கள்). பல பெரிய நிலையங்களில், பொதுப்பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு நேரே ரூ.20-க்கு எகானமி மீல் விற்கிறார்கள். அதிக விலை கேட்டால் பில் கேளுங்கள். ‘பில் இல்லையென்றால் சாப்பாடு இலவசம்’ என்பது ரயில்வேயின் சொந்த அறிவிப்புதான்.

23. போன ஊரின் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பாதாமியில் தோசையைத் தேடி அலைந்தால் காசும் போகும், ருசியும் இருக்காது. ‘கானாவளி’ என்று பலகை மாட்டிய சின்ன மெஸ்களில் நுழையுங்கள். சுடச்சுடத் தட்டிப்போட்ட சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், முளைகட்டிய பயறு, வேர்க்கடலைச் சட்னிப்பொடி, தொட்டுக்கொள்ளத் தயிர், பச்சை வெங்காயம். வெயிலில் அலைந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? உள்ளே போகும்போதே ‘ஊட்டா எஷ்டு?’ என்று விலை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஊரில் இறங்கிய பிறகு

24. அரசு பஸ்ஸைப் பிடியுங்கள். ஹொசபேட்டே பஸ் நிலையத்திலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர்தான், டவுன் பஸ் போகிறது. பாதாமி ரயில் நிலையம் ஊருக்கு வெளியே சுமார் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது, ஷேர் ஆட்டோ கிடைக்கும். அங்கிருந்து பட்டதக்கல் 22 கிலோமீட்டர். கர்நாடக பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்பது அந்த மாநிலத்தவருக்கு மட்டும். நம்மூர் ஆதாரைக் காட்டினால் நடத்துநர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பார்.

25. ஒரு சீட்டில் எத்தனை இடம் என்று கேளுங்கள். ஹம்பியில் விட்டலர் கோயிலில் எடுக்கும் ரூ.40 சீட்டு, அதே நாளில் தாமரை மகால், யானை லாயம், கமலாபுரம் அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கும் செல்லும். எனவே காசு கொடுத்துப் பார்ப்பவை எல்லாம் ஒரே நாளில், காசில்லாதவை மறுநாளில். காலையில் ஹம்பி பஜாரிலிருந்து ஆற்றோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் விட்டலர் கோயில். அங்கே 50 ரூபாய் நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், எதிரே நிற்கும் கல்தேர் அதில் அச்சாகியிருக்கும். மறுநாள் ஹேமகூடம், கடலைக்கல் பிள்ளையார், லட்சுமி நரசிம்மர், ஹசார ராமர் கோயில், மகாநவமி மேடை எல்லாம் வாடகை சைக்கிளில். இருட்டில் மாதங்க மலைக்குத் தனியாக ஏறாதீர்கள். பாதாமிக் குகைகளுக்குப் போகும்போது கையில் பாலிதீன் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

26. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். அன்றைய செலவு சட்டைப்பையில், மீதி உள்பாக்கெட்டில், கை வைக்காத பணம் பையின் அடியில். பாறைகளுக்கு நடுவே டவர் கிடைக்காமல் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும். பத்து, இருபது ரூபாய் நோட்டாக ஐந்நூறு ரூபாய் வைத்திருந்தால் ஆட்டோக்காரரிடம் சில்லறைத் தகராறு வராது. அசல் அடையாள அட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நகலை டிஜிலாக்கரிலும் போட்டுவையுங்கள்.

27. வீட்டாரோடு ஓர் ஒப்பந்தம். பிஎன்ஆர், கோச், பெர்த் எண், லாட்ஜ் முகவரி நான்கையும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவிட்டு, காலை ஒருமுறை, இரவு ஒருமுறை பேசுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மணிக்கொரு தரம் போன் செய்யும் தொல்லை அவர்களுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ரயிலில் உதவிக்கு 139, எங்கும் அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, சுற்றுலா விவரங்களுக்கு 1363. நான்கையும் போனிலும் ஒரு காகிதத்திலும் எழுதிவையுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு, பாராசிட்டமால், பிளாஸ்திரி, வழக்கமான மருந்து, நாப்கின் ஆகியவை எல்லோர் பையிலும் தனித்தனியே இருக்க வேண்டும்.

28. திரும்பியதும் துணி துவைப்பதற்கு முன் கணக்கை முடியுங்கள். ஆறாம் குறிப்பில் போட்ட ஐந்து கட்டத் தாளில், திட்டத்துக்கு எதிரே நிஜச் செலவை எழுதுங்கள். எந்தக் கட்டம் மீறியதோ அடுத்த பயணத்தில் அதற்குக் கூடுதலாக ஒதுக்கலாம். கை வைக்காத பணம் அப்படியே இருந்தால், அதுதான் அடுத்த டிக்கெட்டுக்கு முதல் தவணை. அந்தத் தாளைப் படமெடுத்து, அடுத்து அங்கே போகப்போகும் ஜூனியர்களுக்கு அனுப்பிவிடுங்கள். போய்வந்தவரின் கணக்கைவிட நம்பகமான வழிகாட்டி அவர்களுக்குக் கிடைக்காது.